எஞ்சின் வரிசை எண் பட்டியலில் இல்லையென்றால் ஏ.டி. பொருந்தாது என்று எழுதிவிடலாமா?

இறக்கைநிழல் கேட்டது:

வணக்கம். விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் பெற்று எனக்கு இன்னும் இரண்டாண்டு நிறையவில்லை. விமானி பயிற்சிப் பள்ளி ஒன்றின் ஹேங்கரில் பணியாற்றுகிறேன். அண்மையில் வெளிநாட்டிலிருந்து வாங்கிய நான்கு இருக்கை செஸ்னா ஒன்று எங்களிடம் வந்தது. அதிலுள்ள லைகமிங் 360 வரிசை எஞ்சின் 2016-ஆம் ஆண்டின் நடுவில் ஓவர்ஹால் (முழுமையாகப் பிரித்துப் புதுப்பித்தல்) செய்யப்பட்டது. அதன் பிறகு அந்த விமானம் பல ஆண்டுகள் பெரும்பாலும் நின்றபடியே இருந்திருக்கிறது. எஞ்சின் இதுவரை ஓடியது ஏறத்தாழ 410 மணி நேரம்.

பறப்புத்தகுதி ஆணைகள் (ஏ.டி.) எல்லாம் நிறைவேற்றப்பட்டுள்ளனவா என்று லாக் புக்கை, அதாவது பராமரிப்புப் பதிவேட்டை, வரிவரியாகச் சரிபார்க்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. வெளியிட்ட ஏ.டி. 2017-16-11-க்கு நேரே, ‘எஞ்சின் வரிசை எண்ணின்படி பொருந்தாது’ என்று ஒரே வரி இருக்கிறது. ஒரு தேதியும் ஒரு கையொப்பமும் தவிர அந்த இடத்தில் வேறெதுவும் இல்லை. அது, பிஸ்டனைக் கிராங்க் ஷாஃப்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் சிறுமுனையில் உள்ள புஷ் (துளைக்குள் அழுத்திப் பொருத்தும் உலோக உருளை) பற்றிய ஆணை என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

எங்கள் மூத்த பொறியாளரிடம் கேட்டேன். அவர் மூன்று காரணங்களைச் சொன்னார். எஞ்சினின் வரிசை எண் பட்டியலில் இல்லை என்பது முதலாவது. இதற்கு மூலமான ஆவணம் தயாரிப்பாளரின் சர்வீஸ் புல்லட்டின் என்ற தொழில்நுட்ப அறிவிப்புதான், புல்லட்டின் நம்மைக் கட்டுப்படுத்தாது என்பது இரண்டாவது. 2023-இல் கான்டினென்டல் என்ற இன்னொரு நிறுவனத்தின் எஞ்சின்களில் கவுண்டர்வெயிட் (அதிர்வைத் தணிக்கும் எடை) பிரச்சினை வந்தபோது 200 மணி நேரத்துக்கு மேல் ஓடியவற்றை விட்டுவிட்டார்கள். இது 410 மணி நேரம் ஓடியிருக்கிறது, கோளாறு இருந்தால் இதற்குள் வெளிப்பட்டிருக்கும் என்பது மூன்றாவது. அவர் என்னைவிட இருபது ஆண்டு அனுபவம் கூடியவர். அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இந்த முறை கீழே வரப்போவது என் கையொப்பம். ஆணையை எப்படி வாசிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஹேங்கர் எழுதியது:

தம்பி, நீங்கள் அந்த வரியில் நின்றது சரி. உங்கள் மூத்தவர் சொன்ன மூன்று காரணங்களும் வெவ்வேறு வகையில் தவறானவை என்பதால் ஒவ்வொன்றாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது காரணத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்த ஆணை யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் பத்தியை மீண்டும் வாசியுங்கள். அது லைகமிங்கின் 632பி புல்லட்டினில் உள்ள இரண்டு அட்டவணைகளைச் சுட்டுகிறது. முதல் அட்டவணையில் இருப்பவை எஞ்சின் வரிசை எண்கள்; தொழிற்சாலையிலிருந்து அந்தப் புஷ்களோடு வெளிவந்த எஞ்சின்கள் அவை. இரண்டாம் அட்டவணையில் இருப்பவை உதிரிப்பாகங்கள். 2015 இறுதிக்கும் 2016 இறுதிக்கும் இடையே தனியாக அனுப்பப்பட்ட புஷ்களும், அவற்றைப் பொருத்திய ராடுகளும், அவை சேர்ந்த தொகுதிகளும் அதில் வருகின்றன. அந்தப் பாகங்களைக் கொண்டு எந்த ஓவர்ஹால் கடையில் எந்த எஞ்சின் திறக்கப்பட்டிருந்தாலும், அதன் வரிசை எண் எதுவாக இருந்தாலும், ஆணை அதற்கும் பொருந்தும். உங்கள் எஞ்சின் ஓவர்ஹால் ஆனது 2016 நடுவில். முதல் அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு யாரோ லாக் புக்கை மூடியிருக்கிறார்கள்.

இத்தகைய பிழை ஏன் நேர்கிறது என்பதை உங்களைப் போன்ற இளையவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். விமானத்துக்குப் பதிவு எண் உண்டு, எஞ்சினுக்கு வரிசை எண் உண்டு, ஆகவே எச்சரிக்கைகளும் அந்த எண்களைத் தேடித்தான் வரும் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் கோளாறு பிறப்பது ஒரு பாகத்தில். அந்தப் பாகம் பெட்டியில் ஏறி, கடல் கடந்து, இருபது ஆண்டுக்கு முன் பிறந்த எஞ்சினுக்குள்ளும் போய் உட்கார்ந்துவிடும். தலைப்பில் விமானத்தின் பெயர் இல்லை, எஞ்சினின் எண் இல்லை என்பதற்காக ஓர் ஆணையை ஒதுக்கிவிட முடியாது. பொருந்துமா என்ற கேள்விக்கு விடை எஞ்சினின் பெயர்ப்பலகையில் கிடைக்காது, ஓவர்ஹால் செய்த கடையின் பாகப் பட்டியலில்தான் கிடைக்கும்.

இரண்டாவது காரணம், புல்லட்டின் கட்டாயமில்லை என்பது. தயாரிப்பாளர் வெளியிடும் புல்லட்டினின் முகப்பில் ‘கட்டாயம்’ என்று அச்சிட்டிருந்தாலும் அது தயாரிப்பாளரின் சொல். எல்லா இடத்திலும் சட்டமாகிவிடாது என்பது வரை உண்மை. ஆனால் ஒழுங்குமுறை அமைப்பு ஓர் ஆணையை வெளியிட்டு, இந்தப் புல்லட்டினில் உள்ள இன்ன பத்திகளின்படி செய் என்று எழுதிய கணத்தில் அந்தப் பத்திகள் சட்டமாகிவிடுகின்றன. அமெரிக்க விதிகளின் 39-ஆம் பகுதி, ஆணை பொருந்தும் எஞ்சினை ஆணைக்கு மாறாக இயக்கவே கூடாது என்கிறது. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 8-ஆம் இணைப்பு, வடிவமைத்த நாடு இத்தகைய தகவலை உலகுக்குத் தெரிவிக்க வேண்டும், பதிவு செய்த நாடு அதை ஏற்றோ ஆராய்ந்தோ நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று கடமையைப் பகிர்ந்து வைத்திருக்கிறது. இந்தியப் பதிவுள்ள விமானத்துக்கு, நம் நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதிகளின் கீழ் அந்த ஆணை நம்மையும் கட்டும்.

மூன்றாவது காரணம் கேட்பதற்கு அறிவார்ந்ததாக இருப்பதால் மிகவும் ஆபத்தானது. கான்டினென்டல் நிகழ்வில் கோளாறு பாகத்தில் இல்லை, பொருத்தியதில் இருந்தது. கிராங்க் ஷாஃப்டில் தொங்கும் கவுண்டர்வெயிட்டின் ஊசியைப் பிடித்து நிற்கும் வளையம் தன் பள்ளத்தில் முழுமையாக உட்காராமல் போயிருந்தது. 2021 ஜூன் 1 முதல் 2023 பிப்ரவரி 7 வரை தயாரான 360, 470, 520, 550 வரிசை எஞ்சின்கள் கேள்விக்குள்ளாயின. ஆணை வரும் முன்பே சிரஸ் விமானத் தயாரிப்பு நிறுவனம் தன் சொந்த விமானங்களைப் பறக்கவிடாமல் நிறுத்தியது. சரியாக உட்காராத வளையம் தொடக்க மணி நேரங்களிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று கருத முடிந்ததால் அங்கே 200 மணி நேரம் என்ற கோடு போடப்பட்டது. உங்கள் எஞ்சினில் பேசப்படுவது, அழுத்திப் பொருத்திய புஷ் போதிய பிடிப்பில்லாமல் மெல்ல மெல்ல இடம் நகர்வது. அது ராடின் துளையிலிருந்து வெளியேறினால் ராட் உடையும், உடைந்த ராட் எஞ்சினின் உடற்கூடான கிராங்க்கேஸைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அத்தகைய எஞ்சின் நிறுத்தங்கள் நிகழ்ந்த பிறகுதான் ஆணையே பிறந்தது. ஓடிய மணி நேரத்தைக் காட்டித் தப்பிக்க அந்த ஆணை வழி வைக்கவில்லை. ஓர் ஆணையின் விலக்கை இன்னோர் ஆணைக்குக் கடன் வாங்கக் கூடாது. ஒவ்வொரு விலக்கும் அந்தந்தக் கோளாறின் இயல்பிலிருந்து வந்தது.

இனிச் செய்ய வேண்டியது. ஆணை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து 10 இயக்க மணி நேரத்துக்குள் சோதனை முடிந்திருக்க வேண்டும் என்பதே கெடு. பொருந்துமானால் அந்தக் கெடு கடந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆகவே விடை தெரியும்வரை விமானத்தை ஹேங்கரிலேயே வைத்திருங்கள். ஓவர்ஹால் செய்த கடைக்கு எழுதி, பணி ஆணையையும், புதிதாக இட்ட புஷ்களின் பாக எண்ணையும், அவை அனுப்பப்பட்ட தேதியையும், 8130-3 வெளியீட்டுச் சான்றின் நகலையும் கேளுங்கள். அந்தக் காலத்துப் பாகம் இல்லை என்று காகிதத்தில் நிறுவ முடியவில்லை என்றால் பொருந்தும் என்றே கொள்ளுங்கள்.

கிழக்கு ஓடுபாதை எழுதியது:

நான் பறக்கும் பயிற்சியாளர், பொறியாளர் அல்லேன். முந்தைய பதிவோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் ஒரு கவலையைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சந்தேகத்தின் பேரில் சிலிண்டர்களைக் கழற்றுவது தீங்கற்ற வேலை அல்ல. நன்றாக ஓடிக்கொண்டிருந்த எஞ்சினைத் திறந்து மூடிய பிறகுதான் கோளாறு வந்தது என்று சொல்லும் விமானிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். போல்ட்டை முறுக்கும் அளவில் சிறு தவறு நேர்ந்தாலும் அது புஷ்ஷைவிடப் பெரிய ஆபத்தாகிவிடாதா?

அப்படியே பயிற்சி மாணவர்களுக்கு ஒரு சொல். எரிபொருளை ஊசித்துளைகளுக்குக் கொண்டுசெல்லும் மெல்லிய குழாய்களையும் அவற்றின் கிளாம்ப்களையும் குறிப்பிட்ட கால இடைவெளியில் மீண்டும் மீண்டும் சோதிக்கச் சொல்லும் ஏ.டி. 2015-19-07 லைகமிங் இன்ஜெக்ஷன் எஞ்சின்களுக்கு உண்டு. ஒருமுறை செய்து முடித்துவிட்டு மறக்கும் ஆணை அல்ல அது. ஒரு நாள் காலை, பறப்புக்கு முன்னான பார்வையின்போது, எஞ்சின் மூடியைத் திறந்து டார்ச் அடித்த மாணவி ஒருத்தி, ‘சார், இங்கே நீலமாக ஏதோ இருக்கிறது’ என்றாள். குழாயின் முனை நட்டிலிருந்து சிலிண்டரின் இறக்கைத் தகடுகள்மேல் விரல் நீளத்துக்கு ஒரு நீலக் கறை இறங்கிக் காய்ந்திருந்தது. 100 எல்.எல். எனும் விமானப் பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பதால்தான் அவளால் அதைக் காண முடிந்தது. கிளாம்பின் ரப்பர் தேய்ந்து, குழாய் அதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. ஐம்பது மணி நேரச் சோதனை முடிந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது. அன்று அந்த விமானம் பறக்கவில்லை.

பழைய ஹேங்கர் எழுதியது:

பயிற்சியாளர் சொன்னது நியாயமான கவலை. அதனால்தான் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் காகிதத்தைக் கேட்கச் சொன்னேன். 2016 நடுவில் இட்ட புஷ்கள் 2014-இல் வாங்கி அலமாரியில் இருந்தவை என்று ஆவணம் காட்டினால், எஞ்சினைத் தொட வேண்டாம். ஆவணத்தின் நகலை லாக் புக்கோடு இணைத்துவிட்டு, பொருந்தாது என்பதை அட்டவணை 1, அட்டவணை 2 இரண்டையும் குறிப்பிட்டு எழுதுங்கள்.

பொருந்தும் என்றால் கழற்றத்தான் வேண்டும். கழற்றும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்த எஞ்சின்களில் சிலிண்டரைப் பிடிக்கும் நீண்ட போல்ட்களே கிராங்க்கேஸின் இரு பாதிகளையும் சேர்த்து இறுக்குகின்றன. சிலிண்டர் இல்லாத நிலையில் அந்த இறுக்கம் தளர்ந்திருக்கும்போது புரொப்பெல்லரைத் திருப்பினால் மெயின் பேரிங் தன் இடத்தில் நகர்ந்துவிடக்கூடும். சிலிண்டர் இருந்த இடத்தில் தாங்கு தகடுகளைப் போட்டு இறுக்கிய பிறகே கிராங்கைச் சுழற்றுங்கள். சோதனைக்கென்று தயாரிப்பாளர் வகுத்த கருவி உண்டு. அது குறித்த விசையோடு புஷ்ஷை அழுத்திப் பார்க்கும். அசையாமல் நின்றால் அது தேறியது, அசைந்தால் ராடை மாற்ற வேண்டும். கையால் தள்ளிப் பார்த்தேன், கண்ணால் பார்த்தேன் என்பதெல்லாம் ஆணையை நிறைவேற்றியதாகாது.

சுழலிறகு எழுதியது:

நான் ஹெலிகாப்டர் பக்கத்தில் இருப்பவன். பறப்புத்தகுதி எச்சரிக்கைகளை எங்கள் துறையில் எப்படிப் பார்க்கிறோம் என்று இறக்கைநிழலுக்குச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன்.

ராபின்சன் ஆர்22, ஆர்44 போன்றவற்றில் இருப்பதும் உங்கள் செஸ்னாவில் இருப்பதன் உறவுக்கார எஞ்சின்தான். ஆனால் எங்கள் எஞ்சின் ஒரே சுழற்சி வேகத்தில், உயர்ந்த வெப்பத்தில், பறப்பு முழுவதும் உழைக்கிறது. அதனால்தான் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அது நகரும் குழலான கைடுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சோதிக்கச் சொல்லும் லைகமிங்கின் 388சி புல்லட்டின், ஹெலிகாப்டர் எஞ்சின்களுக்கு 300 மணி நேரம் என்று குறுகிய இடைவெளியை வைத்திருக்கிறது. குளிர்ந்த காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு சிலிண்டர் உதறி, அரை நிமிடத்தில் சீராகிவிட்டால், ‘சூடானதும் சரியாகிவிட்டது’ என்று யாரும் விட்டுவிடக் கூடாது. கரி படிந்த கைடுக்குள் வால்வு சிக்கி மீள்கிறது என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. எஞ்சின் வானில் நின்றால் செஸ்னா சறுக்கிக்கொண்டே வயல் தேடலாம். ஆர்22-இன் எடை குறைந்த ரோட்டரில் சுழற்சி ஆற்றலின் சேமிப்பு மிகக் குறைவு. விமானி உடனே கலெக்டிவை (ரோட்டர் இறக்கைகளின் சாய்வை மாற்றும் நெம்புகோல்) தாழ்த்தாவிட்டால் ரோட்டரின் வேகத்தை மீட்கவே முடியாது.

இருந்தாலும் எஞ்சின் போனால், கீழிருந்து வரும் காற்றாலேயே ரோட்டர் சுழல இறங்கும் ஆட்டோரொட்டேஷன் என்ற வழியாவது உண்டு. கியர்பாக்ஸ் போனால் அதுவும் இல்லை. எஞ்சினுக்கு வெளியே போகிறேன் என்று கருத வேண்டாம். நீங்கள் கேட்ட கேள்வியின் இன்னொரு முகம் இதில் இருக்கிறது. 2009 ஏப்ரல் 1 அன்று ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், எண்ணெய்த் தளத்திலிருந்து திரும்பிய ஏ.எஸ்.332 எல்2 சூப்பர் பூமா ஒன்றின் முதன்மை கியர்பாக்ஸ் உடைந்து, ரோட்டர் கழன்று, 16 பேரும் இறந்தார்கள். ஒரு வாரத்துக்கு முன், மார்ச் 25 அன்று, பறப்பு மணிக்கணக்கில் 36 மணி நேரத்துக்கு முன்னால், அந்த கியர்பாக்ஸின் சிப் டிடெக்டரில், அதாவது எண்ணெயில் மிதக்கும் இரும்புத்துகளைப் பிடிக்கும் காந்த முனையில், ஓர் உலோகத்துகள் கிடைத்திருந்தது. ஒரேயொரு துகள். பராமரித்தவர்களுக்கும் தயாரிப்பாளருக்கும் இடையே மின்னஞ்சலிலும் தொலைபேசியிலும் பேச்சு நடந்தது; அதில் ஒருவர் சொன்னதை மற்றவர் வேறாகப் புரிந்துகொண்டார். துகள் என்ன என்பது தவறாக அடையாளம் காணப்பட்டது. திறந்து பார்த்திருக்க வேண்டிய தொகுதி திறக்கப்படவில்லை. உள்ளேயிருந்த காந்த வளையம் ஒன்று மற்றத் துகள்களைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொண்டு, டிடெக்டருக்குப் போகவிடாமல் செய்திருக்கக்கூடும் என்பதும் பிறகு நடந்த புலனாய்வில் தெரிந்தது.

அந்த விபத்தைத் தொடர்ந்து அவசர ஆணைகள் வந்தன, காந்தங்கள் நீக்கப்பட்டன, துகளைப் பார்க்கும் இடைவெளி குறைக்கப்பட்டது. ஆனாலும் 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் டூரோய் தீவில், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஈ.சி.225-இன் ரோட்டர் கழன்று 13 பேர் இறந்தார்கள். அதுவும் கியர்பாக்ஸுக்குள் சுற்றிவரும் பிளானட் கியரில் உலோகச் சோர்வால் வந்த விரிசல். ஆனால் இந்த முறை விரிசல் உள்ளுக்குள் வளர்ந்தது, டிடெக்டர் எச்சரிக்கும் அளவுக்குத் துகள் உதிரவில்லை. ஜூன் தொடக்கத்தில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈ.ஏ.எஸ்.ஏ. அந்த ஹெலிகாப்டர் வகையின் பறப்பையே நிறுத்தியது.

நான் இதைச் சொல்வதற்குக் காரணம், ஆணைகள் எங்கிருந்து வருகின்றன என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஏதோ ஒரு ஹேங்கரில் ஒருவர் எண்ணெய் ஃபில்டரை வெட்டி விரித்து, மடிப்புக்குள் மின்னும் துகளைத் துணியில் தட்டி, அதை எடுத்து வைத்து, எழுதி அனுப்புவதிலிருந்துதான் வருகின்றன. அவர் துடைத்துப் போட்டுவிட்டால் ஆணை பிறக்காது, அல்லது மூன்றாவது விபத்துக்குப் பிறகு பிறக்கும். ஆகவே இறக்கைநிழல், லாக் புக்கில் தவறான பதிவைக் கண்டீர்கள் என்றால் உங்கள் விமானத்தைச் சரிசெய்வதோடு நிறுத்த வேண்டாம். அதே கையொப்பம் வேறு எஞ்சின்களிலும் இருக்கக்கூடும். முறைப்படி அறிக்கை அனுப்புங்கள்.

இறக்கைநிழல் எழுதியது (ஐந்து வாரங்களுக்குப் பின்):

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. என்ன நடந்தது என்று சொல்ல வேண்டியது என் கடமை.

ஓவர்ஹால் கடையிலிருந்து மூன்றாவது மின்னஞ்சலுக்குத்தான் பதில் வந்தது. பணி ஆணையின் நகலில் நான்கு ராடுகளுக்கும் புதிய புஷ் இட்டதாக இருந்தது. அவை அனுப்பப்பட்ட தேதி 2016-இன் முற்பகுதி. ஆக, அட்டவணை 2-இன்படி ஆணை பொருந்துகிறது. அந்தக் காகிதத்தை எங்கள் மூத்த பொறியாளர் மேசையில் வைத்தபோது அவர் இருமுறை வாசித்தார். பிறகு எழுந்து, சோதனைக் கருவிக்கான கோரிக்கைக் கடிதத்தை அவரே தட்டச்சு செய்தார். சிலிண்டர்களைக் கழற்றிய இரண்டு நாளும் அவர் என்னுடன் நின்றார். தாங்கு தகடு போடாமல் யாரும் புரொப்பெல்லரைத் தொடக் கூடாது என்று தாளில் எழுதி அதன் இறக்கையில் ஒட்டியதும் அவர்தான்.

நான்கு புஷ்களும் அசையவில்லை. மூன்றாவது சிலிண்டரின் ராடில் கருவியின் முள் குறித்த அளவைத் தொடும்வரை ஹேங்கரில் யாரும் பேசவில்லை.

லாக் புக்கில் ஆணையின் எண், புல்லட்டினின் பத்தி எண், கருவியின் எண், ஒவ்வொரு ராடின் முடிவு, எஞ்சின் ஓடிய மொத்த மணி நேரம், போல்ட்களை இறுக்கிய அளவு எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பமிட்டேன். அரைப் பக்கம் ஆகிவிட்டது. பழைய பதிவைப் பற்றிய அறிக்கையும் போய்விட்டது. அதே மூலத்திலிருந்து எங்களுக்கு அடுத்த மாதம் வரவிருக்கும் இரண்டாவது விமானத்தின் எஞ்சினுக்கு, அது கப்பலில் ஏறும் முன்பே பாகப் பட்டியலைக் கேட்டிருக்கிறோம்.